சால்டர் மேசை: மலிவு விலையில் அசைவு சென்சர்

போன இதழில் இரவு விளக்கு ஒன்றுக்குச் சுற்று வரைந்து போட்டாலும் போட்டேன், அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்த சென்சர் வாங்குவது அக்கா?’ என்றுதான் கேட்கின்றன. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என் கையெழுத்து வரைபடத்தைக் குறை சொன்ன இரண்டு கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வீட்டில்.

கேள்வி: என் தாயாருக்கு 82 வயது. இரவில் கழிவறைக்கு எழுந்து போவார். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததுமே தரையோரம் மெல்லிய வெளிச்சம் வர வேண்டும்; சுவிட்ச் தேடக் கூடாது. கடையில் வாங்கிய விளக்கு கண்ணைக் கூசுகிறது, சீக்கிரமே அணைந்தும் விடுகிறது. நானே செய்ய ஆசை. இணையக் கடையில் ‘மோஷன் சென்சர்’ என்று தேடினால் பச்சைப் பலகைகளாக வந்து கொட்டுகின்றன. ஐந்து வெள்ளிக்குள் எதை வாங்கலாம்? எனக்குச் சால்டரிங் வரும், புரோகிராம் எழுத வராது. (வாசகர், தோ பாயோ)

பதில்: ஐயா, விலையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் பார்த்த பலகைகளில் முக்கால்வாசி இரண்டு மூன்று கோப்பி விலைக்குள் அடங்குபவை. அதில் ஒரு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் வகை மாறிவிட்டால், விளக்கு இரவெல்லாம் எரியும். இல்லாவிட்டால் எரியவே எரியாது. உங்கள் தாயாரின் அறையில் வேறு என்னென்ன அசைகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மேலே மின்விசிறி. ஜன்னல் திரை. தூக்கத்தில் அவர் புரண்டு படுப்பது. பக்கத்து அறையில் நீங்கள் நடமாடுவது. இவை எதற்கும் விளக்கு எரியக் கூடாது. எதை வாங்குவது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

அதன்படி பார்த்தால் ஆர்சிடபிள்யூஎல்-0516 முதலிலேயே கழிந்துவிடுகிறது. இணையத்தில் எல்லாரும் புகழும் மைக்ரோவேவ் பலகை இதுதான். ஏறக்குறைய 3.18 கிகாஹெர்ட்ஸில் வானொலி அலையை அனுப்பும். அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைக் கவனிக்கும். பிளாஸ்டிக் டப்பா, பிளைவுட், மெல்லிய தடுப்புச் சுவர் எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்க்கும். ஆனால் அதன் கண்ணுக்கு மனிதரும் மின்விசிறி இறக்கையும் ஒன்றுதான், அசைந்தால் போதும். நம் ஊரில் மின்விசிறி ஓடாத இரவு ஏது? பக்கத்து அறையில் நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் இங்கே விளக்கு எரியும். இன்னொன்று, அந்த அலைவரிசை வைஃபை, புளூடூத் போல எல்லாருக்கும் பொதுவில் விட்டிருக்கும் பட்டைகளில் சேராது. மேசையில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். இரவு பகலாக வீட்டில் ஓடவிட எனக்கு மனமில்லை.

உங்களுக்கு வேண்டியது பிஐஆர் வகைச் சென்சர். இது எதையும் அனுப்பாது. உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிருக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கும். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உணர்பகுதிகள் உண்டு. இரண்டும் ஒரே சூட்டைப் பார்த்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பேசாமல் இருக்கும். ஒன்று மட்டும் பார்த்தால் சமிக்ஞை வரும். மேலே கவிழ்த்திருக்கும் வெள்ளைக் குமிழி வெறும் மூடி இல்லை, அது லென்ஸ். அறையை விசிறி மடிப்பு மாதிரி பல கீற்றுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒருவர் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான் சென்சர் விழிக்கிறது. எனவே குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். தன்னை நோக்கி நேராக வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். மின்விசிறி இறக்கை அறையின் சூட்டிலேயே இருப்பதால் பொதுவாக அதைக் கண்டுகொள்ளாது.

பிஐஆரில் மலிவானவை இரண்டைச் சொல்கிறேன். ஹெச்சி-எஸ்ஆர்501 என்பது பெரிய குமிழி வைத்த பழைய பலகை. ஏஎம்312 என்பது சுண்டுவிரல் நுனி அளவுக் குட்டி. புரோகிராம் எழுத வராது என்றீர்களே, அந்த ஒரு காரணத்துக்காக உங்களுக்கு 501. அதில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று தூரத்துக்கு, ஏறக்குறைய 3 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை. மற்றது வெளியீடு எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதற்கு, சில விநாடியிலிருந்து சுமார் 5 நிமிடம் வரை. ஏஎம்312-இல் இந்த வசதி கிடையாது. இரண்டு விநாடி கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும், மீதியை நீங்கள் புரோகிராமில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

501-இன் ஓரத்தில் மூன்று கம்பிகளும் ஒரு ஜம்பரும் (கழற்றி இடம் மாற்றிப் போடும் குட்டி இணைப்பு மூடி) இருக்கும். பக்கத்தில் ‘எச்’, ‘எல்’ என்ற ஆங்கில எழுத்துகள். ‘எச்’ பக்கம் போட்டால், ஆள் அசைந்துகொண்டிருக்கும் வரை நேரம் புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்கும். ‘எல்’ பக்கம் போட்டால், அசைவு தொடர்ந்தாலும் குறித்த நேரத்தில் அணைந்துவிடும். பிறகு இரண்டரை விநாடி போல எதையும் பார்க்காது. வயதானவர் நடந்துகொண்டிருக்கும்போது அந்த இரண்டரை விநாடி இருட்டு நமக்கு வேண்டவே வேண்டாம். ‘எச்’ பக்கம் போடுங்கள், நேரத்தை இரண்டு மூன்று நிமிடத்துக்குத் திருப்பி வையுங்கள்.

பகலில் எரியாமல் இருக்கவும் வழி அந்தப் பலகையிலேயே இருக்கிறது. ‘ஆர்எல்’ என்று அச்சிட்ட இரண்டு ஓட்டைகளை வெறுமையாக விட்டிருப்பார்கள். ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்டிஆர் ஒன்றை அங்கே சால்டர் செய்தால், வெளிச்சத்தில் சென்சர் வாயைத் திறக்காது. காசுக் கணக்கில் கிடைக்கும் பொருள். ஆனால் உங்கள் விளக்கின் ஒளியே அந்த எல்டிஆர் மேல் விழக் கூடாது. விழுந்தால் புதிய அசைவை ஏற்காமல் நடுவழியில் அணைந்துவிடும். எல்டிஆரை ஜன்னல் பக்கம் பார்க்கும்படி திருப்பி, ஒரு துண்டுக் கறுப்புக் குழாயால் மறைத்துவிடுங்கள்.

சென்சரின் வெளியீடு 3.3 வோல்ட், சில மில்லிஆம்பியர்தான். எல்இடி பட்டையை நேரே அதில் கோக்காதீர்கள். நடுவே ஒரு மாஸ்ஃபெட் வேண்டும், சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர் அது. கடையில் ஐஆர்எஃப்520 போட்ட சிவப்புப் பலகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது முழுசாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும், உங்கள் 3.3-க்கு அசையாது. ஐஆர்எல்இசட்44என் என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் ‘எல்’ இருக்கிறதா என்று பாருங்கள். சென்சர் வெளியீட்டை அதன் ‘கேட்’ என்ற காலுக்குக் கொடுத்து, அந்தக் காலுக்கும் சுற்றின் கிரவுண்டுக்கும் இடையே 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று போடுங்கள். பட்டை 5 வோல்ட் ஒற்றை நிறம், மஞ்சள் சாய்ந்த வெள்ளை, அரை மீட்டர் போதும். மின்சாரத்துக்குப் பாதுகாப்பு முத்திரை உள்ள 5 வோல்ட் யுஎஸ்பி அடாப்டர். 230 வோல்ட்டைத் தொடும் ரிலே வேலை எதுவும் இந்தத் திட்டத்தில் வேண்டாம். சுவருக்குள் ஓடும் ஒயரில் கை வைக்க உரிமம் பெற்ற மின்பணியாளர் இருக்கிறார்.

இனிப் பொருத்தும் இடம். பெரும்பாலானோர் சுவரில் உயரமாக மாட்டிவிட்டு, அம்மா புரண்டாலே எரிகிறது என்று புலம்புவார்கள். கட்டிலின் அடிச்சட்டத்தில், தலைமாட்டுப் பக்கம், கட்டிலின் நீளவாக்கில் கால்மாட்டை நோக்கிப் பார்க்கும்படி பொருத்துங்கள். மெத்தையே மேல்பக்கத்தை மறைத்துவிடும், புரள்வது தெரியாது. கால் கீழே இறங்கும்போது கீற்றுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும், உடனே எரியும். அறை வாசல் கண்ணில் படுகிறது என்றால் குமிழியின் அந்தப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் வரை சென்சர் கண்டபடி அணைந்து எரியும். கெட்டுப்போனது என்று கழற்றிவிடாதீர்கள், சூடேறி நிலைக்கு வர அவ்வளவு நேரம் அதற்கு வேண்டும்.

அடாப்டர் ஒயர் காலில் தடுக்கும் என்று பயந்தால் பேட்டரிக்குப் போகலாம். 501 சும்மா இருக்கும்போது 65 மைக்ரோஆம்பியருக்குள்தான் எடுக்கும். 2000 மில்லிஆம்பியர்-மணி உள்ள ஏஏ பேட்டரிகளில் சென்சர் மட்டும் என்றால் கணக்குப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஓடும். அதே பேட்டரியில் 3 மில்லிஆம்பியர் எடுக்கும் மைக்ரோவேவ் பலகை நான்கு வாரத்தைக்கூடத் தொடாது. ஆனால் பேட்டரியைத் தின்னப்போவது எல்இடி பட்டைதான். பட்டையைக் கைப்பிடி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 501-க்கு 5 வோல்ட் வேண்டும் என்பதால் மூன்று பேட்டரி போதாது, நான்கு போடுங்கள்.

கேள்வி: நான் உயர்நிலை மூன்று மாணவன். பள்ளி நூலகத்துக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணும் திட்டம் செய்கிறேன். ஈஎஸ்பி8266 பலகைக்கு மேலேயே ஹெச்சி-எஸ்ஆர்501 சென்சரை ஒட்டி வாசலில் வைத்தேன். யாரும் இல்லாதபோதும் எண்ணிக்கை ஏறுகிறது. ஆசிரியர் சென்சர் பழுது என்கிறார். வேறு வாங்க வேண்டுமா? (மாணவர், ஈசூன்)

பதில்: தம்பி, சென்சரைத் தூக்கிப் போடாதே. பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும். 501-க்குள் இருக்கும் சின்ன சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்கித்தான் வெளியே தருகிறார்கள். நீ அதற்கு முதுகோடு முதுகாக வைஃபை அனுப்பும் பலகையை ஒட்டியிருக்கிறாய். பலகை ஒவ்வொரு முறை தகவல் அனுப்பும்போதும் அந்த அலை பெருக்கியில் ஏறி, ஆள் வந்த மாதிரி காட்டும். ஓர் அடி ஒயர் போட்டு இரண்டையும் பிரித்து வை. சென்சரின் மின்னிணைப்புக் கால்களிலேயே 100 நானோஃபாரட், 100 மைக்ரோஃபாரட் இரண்டு மின்தேக்கிகளையும் சேர். எண்ணிக்கை ஏறுவது நின்றுவிட்டால் காரணம் இதுதான் என்று உன் ஆசிரியரிடம் காட்டலாம். ஏஎம்312-இல் இந்தத் தொல்லை குறைவு. அதில் சமிக்ஞையைச் சரிபார்க்கும் வேலை உலோக மூடிக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் உன் திட்டத்துக்குப் பிஐஆரே சரிவராது. ‘யாரோ அசைகிறார்’ என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மூன்று நண்பர்கள் பேசிக்கொண்டே உள்ளே போனால் அதற்கு ஒரே அசைவு. ஒருவர் வாசலில் நின்று பையைக் குடைந்தால் ஐந்து அசைவு. உள்ளே வந்தாரா வெளியே போனாரா என்பதும் தெரியாது. எண்ணுவதற்கு வாசலைக் குறுக்காக வெட்டும் ஏதாவது வேண்டும். மிகவும் மலிவானது அகச்சிவப்புக் கதிர் ஜோடி: ஒரு பக்கம் அனுப்பி, எதிர்ப் பக்கம் வாங்கி, நடுவே யாராவது மறித்தால் ஒன்று கூட்டு. நிலைச்சட்டத்தில் இரண்டு ஜோடியைக் கையளவு இடைவெளியில் வைத்தால் எது முதலில் மறிந்தது என்பதிலிருந்து போக்கும் வரவும் தெரியும்.

எதிர்ப் பக்கம் எதையும் மாட்ட முடியாது என்றால் விஎல்53எல்0எக்ஸ். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து 2 மீட்டர் வரை தூரம் அளக்கும். இரண்டு வாங்கினால் இரண்டுக்கும் தொழிற்சாலையில் கொடுத்த ஒரே முகவரிதான் இருக்கும். ‘எக்ஸ்ஷட்’ காலைத் தாழ்த்தி ஒன்றை உறங்கவைத்துவிட்டு, மற்றதன் முகவரியை மாற்று. பிறகு இரண்டாவதை எழுப்பு. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் இதைச் செய்ய வேண்டும், அதனால் புரோகிராமின் தொடக்கத்திலேயே எழுதிவிடு. ஹெச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலிச் சென்சரும் தூரம் அளக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் எக்கோ கால் 5 வோல்ட் தரும். உன் பலகை 3.3 வோல்ட் பலகை. இரண்டு மின்தடை போட்டுக் குறைக்காமல் கோக்காதே.

உன் கடிதத்தின் ஓரத்தில், தங்கையும் மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினிப் பலகையில் ஏதோ செய்ய ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். மைக்ரோபிட் 3 வோல்ட்டில் ஓடுவது. 501-க்கு அது போதாது, ஏஎம்312-க்கு 2.7 வோல்ட் இருந்தாலே போதும். கணினியோடு யுஎஸ்பியில் இணைத்திருக்கும்போது நேரே கோக்கலாம். இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓட்டினால் பேட்டரி கொஞ்சம் தளர்ந்ததும் சென்சர் முதலில் முரண்டு பிடிக்கும், மைக்ரோபிட் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் புரோகிராமில் பிழை தேடி அழாதிருக்க இதை முன்கூட்டியே சொல்லிவை.

கேள்வி: வீவக வீடு, நீளமான தாழ்வாரம். கேட்டுக்கு உள்பக்கம் பிஐஆர் சென்சர் வைத்து, வாசலில் ஆள் வந்தால் உள்ளே சின்ன மணி அடிக்கும்படி என் மகன் செய்து கொடுத்தான். இரவில் பூனை வந்தாலும் அடிக்கிறது. பகல் இரண்டு மணிக்குப் பொட்டலம் கொண்டு வருபவர் வாசலிலேயே நின்றாலும் அடிக்க மாட்டேன் என்கிறது. வெயிலுக்குக் கெட்டுவிட்டதா? (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கெடவில்லை அம்மா. உங்கள் தாழ்வாரம் மனிதரைப் போலவே சூடாகிவிடுகிறது, அதுதான் சங்கதி.

இந்தச் சென்சருக்கு மனிதர் தெரிவதில்லை. மனிதருக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் தெரிகிறது. நம் தோலின் மேற்பரப்பு 33, 34 பாகை செல்சியஸ் இருக்கும். சட்டை இன்னும் குறைவு. இரவில் தாழ்வாரச் சுவர் 26, 27-க்கு இறங்கியிருக்கும். ஏழு பாகை வித்தியாசம், பூனைகூடப் பளிச்சென்று தெரியும். மதியம் மேற்கு வெயில் பட்ட சுவர் 33-க்கு ஏறிவிட்டால் வித்தியாசமே இல்லை. பொட்டலக்காரர் சென்சரின் கண்ணுக்குச் சுவரோடு சுவராகக் கரைந்துபோகிறார்.

பெட்டியில் ‘7 மீட்டர்’ என்று போட்டிருப்பதையெல்லாம் குளிர்ந்த அறையின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும் அங் மோ கியோவில் 2023 மே 13 அன்று 37.0 பாகை பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான பழைய உச்சத்துக்கு அது சமம். அந்த மாதிரி நாளில் வேடிக்கை என்னவென்றால், சுவர் மனிதரைவிடச் சூடாகிவிட்டால் சென்சர் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். சூடான பின்னணியில் குளிர்ந்த உருவம் நகர்ந்தாலும் அதற்கு வித்தியாசம்தான். நமக்குத் தொல்லை தருவது இரண்டும் சமமாக நிற்கும் அந்த நடுநேரம்.

என்ன செய்யலாம்? தூரத் திருகை முழுவதும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் பகலில் கொஞ்சம்தான் கூடும், இரவில் எதிர்வீட்டு மின்விளக்குச் சூட்டுக்கும் அடிக்கும். முதலில் சென்சர் பார்க்கும் பின்னணியை மாற்றிப் பாருங்கள். இப்போது கேட்டிலிருந்து நேராக வெயில்பட்ட தடுப்புச் சுவரைப் பார்க்கிறது போலும். பக்கவாட்டில் திருப்பி, நிழலான தரையைப் பார்க்கவிடுங்கள். ஆள் தாழ்வாரத்தில் குறுக்கே நடந்து வருவதும் அப்போதுதான் நன்றாக விழும். சென்சரை உங்கள் கதவுக்கு உள்ளேயே வையுங்கள், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அங்கே பெட்டி, ஸ்டூல் எதுவும் வைக்க வேண்டாம்.

அதற்கும் சரிவராவிட்டால், சூட்டை நம்பாத சென்சருக்கு மாறுங்கள். கேட்டின் பக்கச் சட்டத்தில் கதிர் ஜோடி போதும், மேலே நான் அந்த மாணவருக்குச் சொன்னதுதான். பூனைக்கு அடிக்கக் கூடாதென்றால் இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள். கேமரா வைக்கலாமே என்று மகன் சொல்வார். வைக்கலாம், ஆனால் எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காமல் வைக்க வேண்டும். மணி அடிக்க ஒரு கதிர் போதும்போது அந்தப் பேச்சு எதற்கு?

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் பிஐஆர் வைத்தால் வேலை செய்யுமா? அழகாக இருக்கும். (வாசகர், பொங்கோல்)

பதில்: செய்யாது. உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு பெரும்பாலும் 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வருவது. சாதாரணக் கண்ணாடிக்கும் அக்ரிலிக்குக்கும் அது கறுப்புச் சுவர் மாதிரி. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கும் இதே பதில். மெல்லிய பாலிதீன் மட்டும் விடும், குமிழியே பாலிதீன்தான். பெட்டியில் ஓர் ஓட்டை போட்டு ஏஎம்312-இன் குமிழியை மட்டும் வெளியே நீட்டுங்கள். குட்டியாக இருப்பதால் அசிங்கமாகத் தெரியாது.

கேள்வி: படிப்பறையில் விளக்கு தானாக எரிந்து அணைய பிஐஆர் வைத்தேன். மகள் அசையாமல் உட்கார்ந்து கணக்குப் போடும்போது விளக்கு அணைந்துவிடுகிறது. அவள் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் படிக்கிறாள். நேரத்தைக் கூட்டினால் அறை காலியான பிறகும் எரிகிறது. (வாசகர், செங்காங்)

பதில்: கையை ஆட்டிக்கொண்டே படிப்பதும் நல்ல உடற்பயிற்சிதான். ஆனாலும் இதற்கென்றே ஒரு சென்சர் இப்போது பத்து வெள்ளிக்குள் வந்துவிட்டது: எல்டி2410. சில வருடங்களுக்கு முன் இந்த விலையில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் ரேடார் என்றால் எங்களுக்குக் கப்பலும் விமான நிலையமும்தான்.

இது 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார். அலையின் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே அனுப்பித் திரும்பி வருவதோடு ஒப்பிடுவதால், அசைவு எவ்வளவு தூரத்தில் என்றும் சொல்லும். மகள் மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குகிறதே, அந்தச் சில மில்லிமீட்டர் அசைவே போதும், ‘ஆள் இருக்கிறார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது எழுத்துகளைக் கவனியுங்கள். வெறும் எல்டி2410-க்கும் ‘பி’ வகைக்கும் கால்களின் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் ஏறாது, சால்டர் செய்யவும் கண் வலிக்கும். ‘சி’ வகையில் 2.54 மில்லிமீட்டர், பொழுதுபோக்குக்காரர்களுக்கு அதுதான் ஏற்றது. ‘பி’, ‘சி’ இரண்டிலும் புளூடூத் இருக்கிறது, கைபேசிச் செயலியிலேயே எல்லாவற்றையும் அமைக்கலாம். புரோகிராம் எழுத வேண்டியதில்லை, ‘அவுட்’ என்ற கால் பிஐஆரைப் போலவே ஏறி இறங்கும். பழைய சென்சர் இருந்த இடத்தில் இதை வைத்துவிடலாம்.

அமைப்பதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். தூரத்தை 0.75 மீட்டர் வீதம் தனித்தனி வாயில்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நகரும் ஆள், நிற்கும் ஆள் என இரண்டு உணர்திறன் எண்கள். மேசை இரண்டு மீட்டருக்குள் இருக்கிறதென்றால் அதற்கு அப்பால் உள்ள வாயில்களை அடைத்துவிடுங்கள்; அப்போது கூடத்தில் நடப்பவர்களுக்கு விளக்கு எரியாது. இதுவும் மின்விசிறியைப் பார்க்கும், திரைச்சீலையைப் பார்க்கும். மேசை மேல் சுழலும் விசிறி எந்த வாயிலில் விழுகிறதோ அங்கே எண்ணைத் தளர்த்துங்கள், அல்லது சென்சரை விசிறிக்கு முதுகு காட்டும்படி திருப்புங்கள். தடுப்புச் சுவரை ஊடுருவும்; பாம் ஷெல்டரின் கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் ஊடுருவாது. வைஃபைக்கே அங்கே கதி கிடையாது.

பேட்டரியில் ஓட்டும் எண்ணம் வேண்டாம். எப்போதும் 80 மில்லிஆம்பியர் போல எடுக்கும். தோ பாயோ ஐயாவுக்கு மூன்று வருடக் கணக்குச் சொன்ன அதே பேட்டரிகள் இதற்கு ஒரு நாளில் காலி.

இன்னொரு சிக்கனமான வழியும் இருக்கிறது, மகன் மகள் யாராவது புரோகிராம் எழுதுவார்கள் என்றால். பிஐஆர் ஆள் வந்ததைச் சொல்லட்டும், அது வேகமாகச் சொல்லும். அறைக்கதவில் காந்தச் சுவிட்ச் ஒன்று வைத்து, கதவு திறந்து மூடிய பிறகு சில நிமிடம் அசைவே இல்லை என்றால் மட்டும் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். கதவை மூடிவிட்டுப் படிக்கும் பிள்ளை என்றால் இது ரேடார் அளவுக்கே நன்றாக வேலை செய்யும். என் அனுபவத்தில் கதவை மூடிவிட்டுப் படிக்கும் பிள்ளைகள் குறைவு. அதனால் எல்டி2410சி என்றே சொல்கிறேன்.

கேள்வி: இவையெல்லாம் இணையத்தில் வாங்குவதா, நேரில் வாங்குவதா? ஒன்று வாங்கவா, இரண்டு வாங்கவா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: அவசரமில்லை என்றால் இணையத்தில் மலிவு. நேரில் என்றால் ஜாலான் புசார் சாலையில் இருக்கும் சிம் லிம் டவர். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விட்டு மின்தடையே கிடைக்கவில்லை என்று எழுதுபவர்கள் ஒவ்வொரு மாதமும் உண்டு. அது கணினிக்காரர்களின் கட்டடம், உதிரிப்பாகத்துக்கு டவர்தான். நேரில் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பலகையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். 501-இல் ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவுப் பலகைகளில் ஜம்பருக்குப் பதில் சால்டர் பொட்டு மட்டும் இருக்கும். குமிழியை மெல்லக் கழற்றினால் அடியில் எந்தக் கால் எது என்று அச்சிட்டிருக்கும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வரிசை மாறும், இணையத்துப் படத்தை நம்பி ஒயர் கோக்காதீர்கள். இரண்டாக வாங்குங்கள். ஒன்று முரண்டு பிடிக்கும்போது, பழுது சென்சரிலா உங்கள் சுற்றிலா என்று மாற்றிப் போட்டுப் பார்க்க மற்றது வேண்டும்.

கேள்வி: சலவை இயந்திரம் ஓய்ந்ததும் கைபேசிக்குச் செய்தி வர வேண்டும். பின்கட்டில் பிஐஆர் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. (வாசகர், பிடோக்)

பதில்: ஐயா, பிஐஆர் ஆளைத் தேடும் கருவி. இயந்திரத்தின் குலுக்கல் அதற்குத் தெரியாது. உங்களுக்கு இயந்திரத்தின் மேலேயே ஒட்டும் சென்சர் வேண்டும். மிக மலிவு எஸ்டபிள்யூ-420, உள்ளே ஒரு சின்னச் சுவிட்ச். அதிர்ந்தால் தொடர்பு மாறும். நன்றாகக் குலுங்கும் பழைய இயந்திரத்துக்குப் போதும். புதிய இயந்திரம் அமைதியாக ஓடுகிறதென்றால் எம்பியூ6050 வாங்குங்கள், முடுக்கத்தை எண்ணாகவே தரும். அளவை மிகச் சிறிய ±2 ஜி-இல் வைத்தால் மெல்லிய அதிர்வும் தெரியும். இரட்டைப் பக்க நாடாவால் பக்கத் தகட்டின் நடுவில் ஒட்டுங்கள். மூலையைவிட நடுத் தகடு நன்றாக அதிரும். அலசலுக்கும் பிழிதலுக்கும் இடையே இயந்திரம் சில நிமிடம் சும்மா நிற்கும். அதனால் அதிர்வு நின்றதுமே செய்தி அனுப்பாதீர்கள், ஐந்தாறு நிமிடம் தொடர்ந்து அமைதி என்றால் அனுப்புங்கள். உங்கள் இயந்திரம் எவ்வளவு நேரம் ஊறவைக்கிறது என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள்.